நாம் உள்ளே போனபிறகு கூரையைப் பிரிக்கிறார்கள்

ரங்கசாமி குளத்தோரம் டீக்கடை. அமைப்புத் தோழர் ஒருவர், என்னைவிடப் பத்து வயசு இளையவர், டம்ளரை வெச்சுட்டுக் கேட்டார்: "அது பார்ப்பானும் வெள்ளைக்காரனும் கட்டின வூடு தோழர். இடிஞ்சா இடியட்டும். நமக்கின்னா?"

சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் பேச்சு. சம்பளம் போட காசில்லை, கணக்கை முடக்கிட்டாங்க, துணைவேந்தர் நாற்காலி காலி என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் கேள்வியில் கோபம் இருந்தது. நியாயமும் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. கவிதை எழுதுகிறவனுக்கு எப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வரும். இதுதான் அந்தப் பதில்.

1

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'தாய்ப் பல்கலைக்கழகம்' என்பார்கள். மைசூர் 1916, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, மதுரை 1966 என்று இதன் வயிற்றில் பிறந்தவற்றை விரல்விட்டு எண்ணுவார்கள். சி.வி. ராமன், சந்திரசேகர் என்று நோபல் கணக்கு சொல்வார்கள். சரி. அந்தத் தாய் யாருக்குப் பால் கொடுத்தாள்?

1839 நவம்பரில் சென்னைவாசிகள் எழுபதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு கவர்னர் எல்பின்ஸ்டனிடம் மனு கொடுத்தார்கள், எங்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று. அதிலிருந்து 1841-இல் ஒரு ஹைஸ்கூல் வந்தது. அதுதான் பின்னால் மாநிலக் கல்லூரி. 1854-இல் வுட் அறிக்கை. 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி சட்டம் போட்டுப் பல்கலைக்கழகம். அதே வருஷம்தான் கல்கத்தாவும் பம்பாயும். வடக்கே சிப்பாய்கள் தூக்கில் தொங்கிய வருஷம், இங்கே பட்டம் கொடுக்கும் அலுவலகம் திறந்த வருஷம்.

அலுவலகம் என்றுதான் சொல்கிறேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்தது அது. பாடம் நடத்தாது. பரீட்சை வைக்கும், சான்றிதழ் தரும், அவ்வளவுதான். உள்ளே வருவதற்கான வழியை அது திறக்கவில்லை. வந்து சேர்ந்தவனை மட்டும் அளந்து பார்த்து முத்திரை குத்தியது. வந்து சேர்வது எப்படி? பள்ளிக்கூடம் வழியாக. பள்ளிக்கூடம் எங்கே? அக்ரகாரத்தில், ஊர்த்தெருவில். சேரிப் பிள்ளை அந்தத் தெருவில் நடக்கவே முடியாத காலம்.

முதல் பட்டதாரிகள் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1858-இல் தேறியவர்கள் யாழ்ப்பாணத்து விசுவநாதப் பிள்ளையும் சி.வை. தாமோதரம் பிள்ளையும். தாமோதரம் பிள்ளை ஏடு தேடி அச்சேற்றிய பழந்தமிழ் நூல்களை நானும் வணங்கித்தான் படிக்கிறேன். ஆனால் சேரியிலிருந்து போய்த் தேறிய முதல் ஆள் யார்? இதைப் படிக்கிற மாணவர் யாராவது ஒரே மூச்சில் பதில் சொல்லுங்கள் பார்ப்போம். வராது. பாடத்தில் வைத்தால்தானே வரும்.

1879-இல் சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ் எழும்பி முடிந்தது. சிஷோம் என்ற வெள்ளைக்காரர் வடிவமைத்தது. நல்ல கட்டடம்தான், பொய் சொல்ல மாட்டேன். முதன்முதலில் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் அந்தச் செங்கல் எழும்பி முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1891-இல், நம்ம செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடனுக்கு ஆளையே எழுதிக் கொடுக்கிறார்கள் என்று. அதிலிருந்துதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. குடியிருக்கும் மண்ணே சொந்தமில்லாதவனுக்கு செனட் ஹவுஸ் எத்தனை கல் தொலைவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் நம்மூர்ப் பக்கம் வரவே இல்லையா? வந்தது. பாலாற்றுக்கு அந்தாண்டை தூசி கிராமத்துக்கு வந்தது. பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அதில் தூசியும் ஒன்று. நல்ல வேலை, இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் பாருங்கள்: சேரியை எண்ணுவதற்கு வந்த பல்கலைக்கழகம், சேரிக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை. நாம் அதன் நோட்டுப்புத்தகத்தில் இருந்தோம், வகுப்பறையில் இல்லை.

இன்னொன்று. ராமானுஜன். எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். துறைமுகத்தில் மாசம் முப்பது ரூபாய் கிளார்க். நானும் கிளார்க் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. பட்டமே இல்லாத அந்தக் கிளார்க்குக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதி வளைந்தது. அறிவுக்காக விதி வளைவது நல்லது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவர் ஏழைதான். ஆனால் அவருக்காகப் பேச, கடிதம் எழுத, பெரிய மனுஷர்களிடம் கூட்டிக்கொண்டு போக ஆட்கள் இருந்தார்கள். நம்ம பக்கத்தில் எத்தனை கணக்குப்புலிகள் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியே செத்தார்களோ! அவர்களுக்காக எந்த விதியும் வளையவில்லை. வளைய வேண்டும் என்று கேட்கக்கூட ஆளில்லை.

2

அப்புறம் பார்ப்பனரல்லாதார் இயக்கம் வந்தது. 1918-வாக்கில் ராஜதானி ஜனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லாத பார்ப்பனர், கலைப் பட்டதாரிகளில் நூற்றுக்கு எழுபது பேர். இந்தக் கணக்கைத் தூக்கிக் காட்டித்தான் நீதிக்கட்சி சண்டை போட்டது. நியாயமான சண்டை. அந்தச் சண்டையின் பலனை நாமும் தின்கிறோம், மறுக்கவில்லை.

ஆனால் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? 1921-இல் வகுப்புவாரி ஆணை. 1923-இல் எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்தார். ஏன் வந்தார்? 'பார்ப்பனரல்லாதார்' என்ற பெரிய குடையின் கீழ் நம்மை நிற்க வைத்துவிட்டு, மழை பெய்தபோது குடையைத் தங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டார்கள் என்பதால் வந்தார். பிறகு வந்த ஆணையில் பன்னிரண்டு இடத்தைப் பங்கு போட்டார்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ-இந்தியர் கிறிஸ்தவருக்கு இரண்டு, ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. மூன்றரைப் பேர் பார்ப்பானுக்கு இரண்டு, ஊருக்கு ஊர் சேரியாய் இருக்கிற நமக்கு ஒன்று. இதுதான் அன்றைய சமூகநீதிக் கணக்கு.

அதே காலத்தில் பம்பாய் சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து நின்றார். 1927. பம்பாய்ப் பல்கலைக்கழக மசோதா. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதோடு பல்கலைக்கழகத்தின் வேலை தீர்ந்துவிடாது, அதன் செனட்டில் பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் வேண்டும் என்று வாதாடினார் பாபாசாகேப் அம்பேத்கர். கவனியுங்கள் தோழர்களே. அவர் 'அது அவர்கள் வீடு, இடியட்டும்' என்று சொல்லவில்லை. 'அந்த வீட்டில் முடிவெடுக்கிற கூடத்தில் எனக்கு நாற்காலி போடு' என்றார். பிறகு தாமே 1945-இல் மக்கள் கல்விக் கழகம் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950-இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. இரண்டு பெயரையும் பாருங்கள். சித்தார்த்தன். மிலிந்தன். பௌத்தம் ஏறுவதற்கு முன்பே அவர் பள்ளிக்கூடத்தின் நெற்றியில் பௌத்தம் ஏறிவிட்டது.

3

அது ஏன் என்று காஞ்சிபுரத்துக்காரனுக்குப் புரிய வேண்டும்.

நம்மூரில் இரண்டு விதப் பல்கலைக்கழகம் இருந்தது. ஒன்று கடிகை. கடம்ப மயூரசர்மன் வேதம் படிக்க இங்கே வந்ததையும் பல்லவக் குதிரைக்காரனோடு சண்டை வந்து வாளெடுத்ததையும் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. பார்ப்பனப் பிள்ளைக்குக் கல்வி. அடுத்தவன் எட்டிப் பார்க்கக்கூடாது. இன்னொன்று விகாரை. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது இந்தப் பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று எழுதி வைத்தார். நாலந்தாவுக்குத் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர். மணிமேகலை அறம் கேட்க வந்த ஊரும் இதுதான். காஞ்சியிலிருந்து நாலந்தா வரைக்கும் ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதையில் சாதி கேட்கிற சுங்கச்சாவடி இல்லை.

இன்றைக்கு நம்மூரில் என்ன இருக்கிறது? வெளியூர்க்காரன் வந்தால் கோயில் காட்டுவோம், பட்டு காட்டுவோம். ஏனாத்தூரில் சங்கர மடத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1993-இலிருந்து. கடிகை தொடர்கிறது. விகாரை எங்கே?

பட்டுக்கு வருவோம். கோர்வைச் சேலை தெரியுமா? உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். குழித்தறியில் நெய்கிறவர் ஒரு பக்கம். கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல காலம் குழந்தைதான். முன்பணம் வாங்கிய கடனுக்குப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்தார்கள். உலகம் முழுக்க அறிக்கை வந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு சட்டம், சோதனை, சிறப்புப் பள்ளி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் தறியைவிட்டு எழுந்தார்கள். எழுந்தவன் எங்கே போனான்? அரசுப் பள்ளிக்கு. அங்கிருந்து அரசு உதவி பெறும் கல்லூரிக்கு. அங்கிருந்து? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை போட்ட சான்றிதழுக்கு.

என் மாமா மகன் கோர்வையில் உட்கார்ந்தவன். இன்றைக்கும் நிமிர்ந்து நடக்க மாட்டான். அவன் தங்கச்சி பி.ஏ. வரலாறு. பத்து வயசு வித்தியாசம்தான் இருவருக்கும். அந்தப் பத்து வயசுக்கு இடையில் ஒரு யுகம் இருக்கிறது தோழர். அந்த யுகத்தின் பெயர் அரசுக் கல்வி.

என் அக்கா மூன்று பிள்ளை பெற்றபிறகு அஞ்சல்வழியில் பட்டம் வாங்கினாள். 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது அந்த நிறுவனம். ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அரிக்கன் விளக்கில், கரன்ட் வந்தபிறகு குண்டு பல்பில் படித்தாள். சான்றிதழ் வந்த அன்றைக்கு எங்க நைனா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் பார்த்தது எழுத்தை இல்லையே.

4

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு வங்கி. பெயர் வேண்டாம், என் சோறு அங்கேதான்.

போன வருஷம் ஜூலையில் எங்க தெரு மாமா ஒருவர் கவுண்டருக்கு வந்தார். மகளுக்குச் சுயநிதிக் கல்லூரியில் சீட்டு. அரசுக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டரை லட்சம் கல்விக்கடன் வேண்டும். "தம்பி, நீதான் இருக்கியே, நீ பாத்துக்குவ" என்றார். உள்ளே அனுப்பினேன். மேனேஜர் கேட்டது: "வீட்டுப் பத்திரம் இருக்கா? ஷூரிட்டி யாரு?" வீடு புறம்போக்கு. ஷூரிட்டிக்கு யார் வருவார்?

நாலு லட்சம் வரைக்கும் கல்விக்கடனுக்கு அடமானமும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம். இது விதி. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் சுற்றறிக்கையை அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "உனக்கெதுக்கு இந்த வேலை" என்றார். "விதி சார்" என்றேன். கடன் கடைசியில் வந்தது. வருவதற்குள் சேர்க்கைக்குக் கடைசித் தேதி போய்விட்டது. அந்தப் பெண் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிறாள். நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றுகொண்டே. அவள் அண்ணன் தலைமுறை நெய்த சேலை.

கவிதை எழுதுகிறேன், கூட்டத்தில் படிக்கிறேன், கை தட்டுகிறீர்கள். அந்த ஒரு நாள் நான் வாய் திறக்காததற்கு எந்தக் கவிதையும் ஈடாகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பாவமன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்காகச் சொல்கிறேன்.

அந்த மாமா ஏன் என் கவுண்டருக்கு வர வேண்டியிருந்தது? அரசு இடம் இல்லாததால். பொதுப் பல்கலைக்கழகமும் அதன் கல்லூரியும் பின்வாங்கிய இடத்தில்தான் சுயநிதிக் கல்லூரி முளைக்கிறது. சுயநிதிக் கல்லூரி முளைத்த இடத்தில்தான் வங்கி கடை விரிக்கிறது. உரிமையாய்க் கிடைக்க வேண்டியது கடனாய்க் கிடைக்கிறது. நம் பாட்டன் ஆளை எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினான் என்று ட்ரெமன்ஹீர் எழுதினார். பேரன் பட்டத்தை எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குகிறான்.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1944-இல், அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் இருந்த காலத்தில் தொடங்கியது மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2012-இல் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரியிலும் ஆதிதிராவிட, பழங்குடி, மதம்மாறிய கிறிஸ்தவ மாணவர் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று. நல்ல ஆணை. ஆனால் "இப்ப கட்டு, கவர்மென்ட் குடுத்தா திருப்பித் தர்றோம்" என்கிற கல்லூரிகள் எத்தனை என்று நம் மாணவர்களைக் கேளுங்கள். மத்திய அரசோ சில வருஷம் தன் பங்கைச் சுருக்கி மாநிலத்தின் தலையில் கட்டியது. பெருங்கூச்சல் எழுந்தபிறகுதான் 2020 டிசம்பரில் அறுபதுக்கு நாற்பது என்று ஒப்புக்கொண்டது. கூச்சல் போட்டதால் வந்தது. மறக்க வேண்டாம்.

5

இப்போது டீக்கடைத் தோழருக்கு.

2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 424 கோடி வரி பாக்கி என்று. வரித்துறையின் வாதம் என்ன தெரியுமா? உன் வரவில் அரசு தரும் பணம் பாதிக்கும் கீழே போய்விட்டது, ஆகவே உனக்கு அரசு நிறுவனத்துக்கான விலக்கு கிடையாது. மாநில அரசு பணம் தராது. தராததைக் காரணம் காட்டி மத்திய அரசு வரி கேட்கும். அப்பன் சோறு போடலை, அதனால நீ அநாதை, அநாதைக்கு அபராதம் என்கிற கதை. 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி கவர்னருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் 2025 பிறந்தும் காலியாகவே கிடந்தது.

இது எப்போது நடக்கிறது? நூற்றுக்கு எழுபது அவர்கள் இருந்தபோது நடந்ததா? இல்லை. அப்போது செனட் ஹவுஸில் சாரட்டு வண்டி வந்து நின்றது. அவர்கள் பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இடைச்சாதிப் பணக்காரன் தனியார் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டான், அல்லது அதில் இடம் வாங்கிக்கொண்டான். மிச்சம் யார் அங்கே? தறிக்காரன் பிள்ளை, செங்கல் சூளைக்காரன் பிள்ளை, துப்புரவுத் தொழிலாளி பிள்ளை, சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கி பஸ் பிடித்து வருகிற பிள்ளை. நாம் உள்ளே போனபிறகுதான் அந்த வீட்டுக்குச் செலவு செய்வது வீண் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. நாம் உள்ளே போனபிறகுதான் கூரையைப் பிரிக்கிறார்கள்.

சட்டக் கல்லூரியைப் பாருங்கள். 1891-இல் ஆரம்பித்தது. உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே. 1990-இல் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 2008 நவம்பரில் அந்தப் பெயரை விட்டுவிட்டுச் சுவரொட்டி அடித்ததில் தொடங்கிய பகை அடிதடியாக வெடித்தது. போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. 2018-இல் கல்லூரியையே இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் அனுப்பிவிட்டார்கள். மாணவர்கள் போராடினார்கள், கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டின கல்லூரி, நம் பிள்ளைகள் நிறைந்தபிறகு ஊருக்கு வெளியே போகிறது. ஊருக்கு வெளியே! இந்த வார்த்தையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மராட்டியத்தில் என்ன நடந்தது? 1978 ஜூலையில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கிராமம் கிராமமாகச் சேரியைக் கொளுத்தினார்கள். ஒரு பெயருக்காகப் பதினாறு வருஷம் நம் மக்கள் அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். 1994 ஜனவரி 14-ஆம் தேதி பெயர் ஏறியது. பலகையில் ஒரு பெயருக்கு உயிரைக் கொடுத்தவர்கள் இருக்க, பல்கலைக்கழகமே போகட்டும் என்று நாம் டீ குடித்துக்கொண்டிருப்பதா?

வீடு அவர்கள் கட்டினதுதான். ஆனால் கல் சுமந்தது யார்? வரி கட்டுவது யார்? உப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுத்தவன் சேரிக்காரன். செனட் ஹவுஸ் நம் காசு. யாரோ தானம் கொடுத்ததில்லை.

ஆகவே தோழர்களே, அழ வேண்டாம், கேட்போம். பல்கலைக்கழகத்தின் செலவை அரசு ஏற்க வேண்டும், பாதி அல்ல, முழுசாக. காலியாய்க் கிடக்கும் ஆதிதிராவிட, பழங்குடி ஆசிரியர் இடங்களை எண்ணிப் பலகையில் எழுதி ஒட்டி நிரப்ப வேண்டும். அரசாணை 92-ஐ மீறிக் கட்டணம் பிடுங்கும் கல்லூரியின் இணைப்பை ரத்து செய்ய வேண்டும். உதவித்தொகை சேர்க்கை மாதத்திலேயே கைக்கு வர வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் காஞ்சியிலேயே அரசு மாலைக் கல்லூரி வேண்டும். பல்கலைக்கழக வரலாற்றைச் சேரியிலிருந்து எழுத ஓர் ஆய்வுத்துறை வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவர் யார், எந்த வருஷம், பீஸ் யார் கட்டினார்கள், எங்கே தங்கிப் படித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு பக்கம் போதும். இந்த இதழுக்கு அனுப்புங்கள். தூசிக்கு நோட்டுப்புத்தகத்தோடு வந்தது போல, இந்த முறை நாம் நோட்டுப்புத்தகத்தோடு சேப்பாக்கத்துக்குப் போவோம்.

வங்கியில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு ஒன்று. அடுத்த ஜூலைக்கு அந்த மாமாவைப் போல ஒருவர் வருவார். அவர் உள்ளே போகும்போதே எழுந்து கூடப் போங்கள். மெஷின் தானாக எண்ணிக்கொள்ளும்.